ஆண்டுக்கு 62 பயிற்சி வகுப்பு நடத்தியும் ரிஜெக்‌ஷன் குறையவில்லை: பயிற்சித் துறை எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

கேள்வி: கோவைப் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் நடுத்தர ஆலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், அப்ரண்டிஸ்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 340 பேர். சென்ற நிதியாண்டில் 62 வகுப்புகள் நடத்தினோம். 5எஸ் (பணியிட ஒழுங்கு), தர விழிப்புணர்வு, பாதுகாப்பு, அளவுக் கருவிகள், குழுவாக வேலை செய்தல் என்று தலைப்புகளுக்குக் குறைவில்லை. வருகைப் பதிவேடு, பின்னூட்டப் படிவம், வகுப்பு முடிந்ததும் எழுதும் பத்துக் கேள்வித் தேர்வு எல்லாம் கோப்பில் ஒழுங்காக இருக்கின்றன. பின்னூட்டத்தின் சராசரி ஐந்துக்கு 4.6.

புதிதாக வந்திருக்கும் ஆலைத் தலைவர் அந்தக் கோப்பைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு, “இந்த 62-இல் எந்த வகுப்பால் எந்த மெஷினில் என்ன குறைந்தது?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குறிப்பாக, பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு) லைனில் துளை அளவு தவறி ஒதுக்கப்படும் பீஸ்களுக்காகவே சென்ற ஆண்டு இரண்டு முறை தரப் பயிற்சி கொடுத்தோம். எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. தேர்வில் எல்லோரும் எட்டுக்கு மேல் மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

இனிமேல் பயிற்சியை வகுப்புக் கணக்கில் நடத்தாமல், வேலையில் முன்னேற்றம் தெரியும்படி நடத்த வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே தொடங்குவது, ரிஜெக்‌ஷன் குறைய எந்தப் பயிற்சியைக் கொடுப்பது, குறைந்தால் அது பயிற்சியால்தான் குறைந்தது என்று எப்படிக் காட்டுவது என்பதெல்லாம் பிடிபடவில்லை. இதை நேரில் செய்து பார்த்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: லேத்துப்பட்டறை

முப்பது ஆண்டு மெஷின் ஷாப்பில் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா.

எந்தப் பயிற்சியைக் கொடுத்தால் ரிஜெக்‌ஷன் குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலாளிக்குத் தெரியாததால்தான் துளை தவறுகிறது என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அது உண்மைதானா என்று யாராவது மெஷின் பக்கம் நின்று பார்த்தார்களா? அமெரிக்காவில் ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-இல் ஓர் எளிய சோதனை சொன்னார்கள்: செய்யாவிட்டால் உயிர் போகும் என்ற நிலை வந்தால் இந்த ஆள் இந்த வேலையைச் சரியாகச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அவருக்கு வேலை தெரியும், அவரை மறுபடி வகுப்பில் உட்கார வைப்பது வீண். உங்கள் ஆட்கள் தேர்வில் எட்டு மதிப்பெண் வாங்கியதற்கும் துளை தவறுவதற்கும் முரண்பாடே இல்லை. தெரிந்துகொண்டே தவறும்படி ஏதோ ஒன்று அங்கே நடக்கிறது.

தாமஸ் கில்பர்ட் 1978-இல் இதையே ஆறு கட்டம் போட்டுக் காட்டினார். என்ன எதிர்பார்க்கிறார்கள், செய்தது எப்படி இருந்தது என்ற தகவல், வேலைக்கு வேண்டிய கருவி, செய்தால் கிடைக்கும் பலன் ஆகிய மூன்றும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. அறிவு, உடல் மன ஆற்றல், ஆர்வம் ஆகிய மூன்றும் ஆளிடம் இருப்பவை. முதல் மூன்றைச் சரிசெய்வதில்தான் செலவு குறைவு, பலன் அதிகம் என்பது அவர் வாதம். நம் ஆலைகளிலோ ஆறில் ஒன்றான அறிவை மட்டும் எடுத்துப் பயிற்சித் துறையிடம் கொடுத்துவிட்டு, மற்ற ஐந்தையும் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்காக விட்டுவிடுகிறோம்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் லைனுக்கும் பொருந்தக்கூடும். 6205 பேரிங் உட்காரும் வார்ப்பிரும்பு ஹவுசிங். துளை 52 மி.மீ., எச்7 டாலரன்ஸ், அதாவது 52.000-க்கும் 52.030-க்கும் நடுவே நிற்க வேண்டும். இன்செர்ட் (கடையும் வெட்டுமுனை) தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும் என்பதால், ஆப்பரேட்டர் அவ்வப்போது அளந்து பார்த்து வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத்தை ஈடுகட்ட மெஷினில் பதியும் திருத்த எண்) 0.02, 0.01 என்று கூட்டிக்கொண்டே போவார். ஃபானுக் கம்பெனியின் மெஷின் கன்ட்ரோலில் இதற்குத் திரையின் அடியில் இரண்டு கீ உண்டு. ‘இன்புட்’டை அழுத்தினால் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை வைக்கும், ‘பிளஸ் இன்புட்’டை அழுத்தினால்தான் பழையதோடு கூட்டும். ஆஃப்செட்டில் மைனஸ் 0.10 இருக்கும்போது 0.02 கூட்ட நினைத்தவர் வெறும் இன்புட்டை அழுத்திவிட்டால், மைனஸ் 0.08 வர வேண்டிய இடத்தில் பிளஸ் 0.02 வந்து உட்கார்ந்துகொள்ளும்; துளை வேண்டியதைவிட 0.10 மி.மீ. பெரிதாகிவிடும். முப்பது மைக்ரானுக்குள் நிற்க வேண்டிய இடத்தில் நூறு மைக்ரான் தவறு. சிறுத்த துளையைத் திரும்பக் கடைந்துகொள்ளலாம், பெருத்த துளை மறுபடியும் உருக்கும் உலைக்குத்தான் போக வேண்டும். (ஆஃப்செட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் பாராமீட்டர் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள், 0.02 எந்த வரம்பையும் மீறாத எண் என்பதால் இந்தத் தவறு அதில் சிக்காது.)

அங்கேயும் இரண்டு முறை தரப் பயிற்சி நடந்தது. கேட்டால் எல்லோரும் இரண்டு கீக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு வாரம் இரவு ஷிப்ட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஓர் ஆளுக்கு இரண்டு மெஷின்; பக்கத்து மெஷினில் வேறு கன்ட்ரோல், கீக்களின் இடமே வேறு. ஆஃப்செட் மாற்றியதும் முதல் பீஸை அளந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று விதி உண்டு, ஆனால் துளையை அளக்கும் போர் டயல் கேஜ் இருந்தது தர அறையில். அங்கே கொண்டுபோய், ஆள் வந்து அளந்து, கையெழுத்துப் போட்டு வாங்குவதற்குள் கால்மணி நேரம் ஓடிவிடும். மெஷினுக்கு மேலே தொங்கும் பலகையில் மணிக்கு மணி உற்பத்தி எண்ணிக்கை எழுத வேண்டும். அந்தக் கால்மணி நேரத்துக்கு அதில் இடமில்லை. ஆகவே ஐந்தாவது, ஆறாவது பீஸில் சேர்த்து அளந்துகொள்ளலாம் என்று ஓட்டிவிடுவார்கள். தவறு ஒரு பீஸில் நிற்காமல் ஆறு பீஸில் போய் நின்றது அதனால்தான். போதாக்குறைக்கு, கடைந்த சூட்டோடு அளப்பார்கள். வார்ப்பிரும்பு 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 52 மி.மீ. துளை சுமார் 8 மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஏசி போட்ட தர அறையில் ஆறிய பிறகு வேறு அளவு வரும், அதன் பேரில் ஒரு சண்டை.

கேஜையும், அதைச் சரிபார்க்கும் செட்டிங் ரிங்கையும் மெஷின் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். முதல் பீஸை ஆப்பரேட்டரே அளந்து எழுதலாம் என்று அதிகாரம் கொடுத்தோம், அளக்கும் நேரத்தைப் பலகைக் கணக்கிலிருந்து கழித்தோம். பயிற்சி என்று மிஞ்சியது, இரண்டு கன்ட்ரோலையும் பக்கத்தில் வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் கையால் அழுத்திப் பார்க்க வைத்தது மட்டுமே.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பயிற்சி அட்டவணையை மூடிவைத்துவிட்டு ரிஜெக்‌ஷன் தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது. எந்தெந்த பீஸ், எந்த ஷிப்ட், இன்செர்ட் மாற்றி எத்தனையாவது பீஸ் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

பதில்: ஊசிமுனை

ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். ஆனால் படிப்பவர்கள் இதிலிருந்து பயிற்சியே தேவையில்லை என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் எழுதுகிறேன். நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தையல் பயிற்சிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் மெஷினையே தொட்டிராதவர்கள். அவர்களுக்கு உண்மையிலேயே வேலை தெரியாது. உயிர் போகும் என்றாலும் தைக்கத் தெரியாதவர் தைக்க முடியாதல்லவா?

எங்கள் தவறு வேறு இடத்தில் இருந்தது. பயிற்சிக் கூடத்தில் கோடு போட்ட தாளில், நூல் கோக்காத ஊசியை ஓட்டிப் பழக்குவோம். பிறகு கழிவுத் துணியில் நேர்த்தையல், வளைவுத் தையல். 30 நாள் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து லைனுக்கு அனுப்புவோம். அங்கே லைக்ரா கலந்த மெல்லிய சிங்கிள் ஜெர்சி ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பெண்ணை ஓவர்லாக் மெஷினில் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டை) வைக்கச் சொல்வார்கள். கூடத்தில் அவர் தொட்டே பார்க்காத துணி, செய்தே பார்க்காத வேலை. நாலு நாளில் கழுத்தெல்லாம் அலை அலையாக நெளிந்து ஆல்டரேஷனுக்கு, அதாவது பிரித்துத் திருத்துவதற்கு, திரும்பி வரும். சூப்பர்வைசர் சத்தம் போடுவார், அந்தப் பெண் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டார். எங்கள் அறிக்கையில் மட்டும் “பயிற்சி பெற்றவர்கள் 24, தேர்ச்சி 24” என்று இருக்கும்.

ஒருநாள் லைனில் கழுத்து நெளியாமல் தைக்கும் ஓர் அக்காவின் கைகளையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரிப்பை மட்டும் லேசாக இழுத்துப் பிடிக்கிறார். பாடித் துணியை இழுப்பதே இல்லை, இடது உள்ளங்கையைத் தட்டையாக வைத்து அது போகிற போக்கில் விட்டுவிடுகிறார். தோள் தையல் வரும் இடத்தில் ஒருமுறை நிறுத்தி, ரிப்பின் கால்பங்கு அடையாளத்தோடு பொருத்திக்கொண்டு மறுபடி மிதிக்கிறார். புதிய பெண்கள் பயத்தில் இரண்டையும் சேர்த்து இழுக்கிறார்கள். அந்த அக்காவிடம் “எப்படித் தைக்கிறீர்கள்?” என்று கேட்டால், “சும்மா தைக்கிறதுதான்” என்பார். தேர்ந்த கைக்குத் தான் செய்வது என்ன என்று சொல்லத் தெரியாது. அதைப் பார்த்துப் பிரித்து எழுதுவதே எங்களைப் போன்றவர்களின் வேலை என்று அன்றுதான் புரிந்தது.

இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அனுபவமுள்ள தொழிலாளர்கள் படைக்குப் போய்விட, தொழில் தெரியாதவர்களை விரைவில் பழக்க வேண்டிய கட்டாயத்தில் அமெரிக்க அரசு 1940 முதல் 1945 வரை நடத்திய ‘டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்ற திட்டம், சுருக்கமாக டிடபிள்யூஐ. அதில் நேரடியாகப் பழக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஃபோர்மேன்களும் சூப்பர்வைசர்களும். 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சான்றிதழ் பெற்றார்கள். வேலையை முக்கியப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எது தவறினால் பீஸ் கெட்டுவிடும் என்ற நுணுக்கத்தைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நாலு கட்டம்: ஆளின் பயத்தைப் போக்கித் தயார் செய்வது, சொல்லிக்கொண்டே செய்து காட்டுவது, அவரையே சொல்லிக்கொண்டே செய்ய வைப்பது, தனியாக விட்ட பிறகும் போய்ப் போய்ப் பார்ப்பது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போன இந்த முறையை டொயோட்டா இன்றுவரை கைவிடவில்லை. கற்றவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது டிடபிள்யூஐயின் வாசகம். எங்கள் சூப்பர்வைசர்களுக்கு இது முதலில் கசந்தது.

இப்போது கூடத்தில் அடிப்படை 12 நாள்தான். மீதி நாள்கள் லைனை ஒட்டியே, அந்த வாரம் ஓடும் அதே துணியில், அவர் செய்யப்போகும் அதே ஆப்பரேஷனில். சான்றிதழை நாங்கள் கொடுப்பதில்லை. லைனில் தொடர்ந்து ஆறு நாள் ஆல்டரேஷன் வரம்புக்குள் தைத்தால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுகிறார். வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், நிற்கவில்லை. ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு நான் என்ன பயிற்சி கொடுக்க முடியும்?

பதில்: இரண்டாம் ஷிப்ட்

நான் பயிற்சி கொடுப்பவன் அல்லன். பத்தொன்பது ஆண்டுகளாக வகுப்பில் உட்காருபவன். சிஎன்சி (கணினி வழி இயங்கும் மெஷின்) ஆப்பரேட்டர். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயங்களைச் சொல்ல அனுமதியுங்கள்.

அந்த 4.6 மதிப்பெண் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இரவு ஷிப்ட் முடித்தவனை வீட்டுக்கு விடாமல் காலை எட்டரை மணி வகுப்பில் உட்கார வைக்கிறார்கள்; படிவத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு, ஒருவேளை சந்தேகம் வருமே என்று ஒன்றிரண்டுக்கு நாலு போடுவோம்.

இரண்டாவது விஷயம் பெரியது. ‘செயல்திறன்’ என்ற சொல்லைக் கேட்டாலே தொழிலாளிக்கு அடிவயிறு கலங்கும். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் இதே பேச்சோடுதான் ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் யார் மெஷினில் எத்தனை ரிஜெக்‌ஷன் என்று பெயர் போட்டுப் பலகையில் ஒட்டினார்கள், அடுத்த இன்கிரிமென்ட்டில் அதைக் கணக்கில் எடுத்தார்கள். ரிஜெக்‌ஷன் உடனே குறைந்தது. பீஸ்கள் சிப்ஸ் தொட்டிக்கு அடியில் போனதால் குறைந்தது. மாதக் கடைசியில் வார்ப்பு வரவுக்கும் முடிந்த பீஸுக்கும் கணக்கு உதைத்தபோதுதான் மேலிடத்துக்குத் தெரிந்தது.

ஆகவே, அம்மா, நோட்டில் எழுதும்போது ஆள் பெயரை எழுதாதீர்கள். மெஷின் எண், ஷிப்ட், நேரம் போதும். பீஸ் ஏன் கெட்டது என்று எங்களிடம் கேளுங்கள். யார் கெடுத்தது என்று கேட்டால் பதில் வராது. லேத்துப்பட்டறை ஐயா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது சரி, ஆனால் அவரைப் பார்த்ததும் முதல் இரண்டு நாள் எல்லோரும் ஒழுங்காக அளந்திருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பதில்: லேத்துப்பட்டறை

மூன்று நாள், தம்பி. நாலாவது நாள் டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள்.

பதில்: தணிக்கை மேசை

தர நிர்வாகத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் அகற்ற விரும்புகிறேன். ‘ஐஎஸ்ஓ கேட்கிறது, அதனால் இத்தனை வகுப்பு நடத்தியே ஆக வேண்டும்’ என்று பல ஆலைகளில் சொல்கிறார்கள். ஐஎஸ்ஓ 9001 என்ற தர நிர்வாகத் தரநிலையின் 2015 பதிப்பில் 7.2 பிரிவைப் படித்துப் பாருங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை மணி நேரம் என்ற பேச்சே அதில் கிடையாது. வேலைக்கு வேண்டிய தகுதி என்ன என்று நிர்ணயிக்க வேண்டும், இல்லாதபோது அதைப் பெறுவதற்கு நடவடிக்கை எடுக்க வேண்டும், அந்த நடவடிக்கை பலித்ததா என்று மதிப்பிட வேண்டும், தகுதிக்குச் சான்று வைத்திருக்க வேண்டும். நடவடிக்கை என்பது பயிற்சியாகவும் இருக்கலாம், பக்கத்தில் இருந்து வழிகாட்டுவதாகவும் இருக்கலாம், ஆளை வேறு வேலைக்கு மாற்றுவதாகவும் இருக்கலாம்.

பலித்ததா என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் பின்னூட்டப் படிவத்தை நீட்டுகிறார்கள். பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த நாலு படிகளில் அது முதல் படி: வகுப்பு பிடித்ததா. தேர்வு இரண்டாவது படி: கற்றாரா. வேலையில் அதைச் செய்கிறாரா, அதனால் விளைவு மாறியதா என்ற மூன்றாவது, நாலாவது படிகளுக்கு ஏற நிறையப் பேர் சோம்பல்படுகிறார்கள். நான் ஓர் ஆலைக்குப் போனால், ஆறு வாரத்துக்கு முன் பயிற்சி பெற்ற ஒருவரின் மெஷினுக்கே போய், செய்து காட்டச் சொல்லிக் கேட்பேன்.

குறைந்தது பயிற்சியால்தானா என்று நிரூபிப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இரண்டு மெஷின் இருந்தால் ஒன்றில் மட்டும் முதலில் மாற்றுங்கள், ஒரு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆலைக்குள் அதைவிடப் பெரிய நிரூபணம் தேவைப்படாது.

கேள்வி கேட்டவர்: கோவைப் பயிற்சி (நாலு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததை எழுதுவது என் கடமை.

ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொண்டேன். ஆள் பெயர் இல்லாமல் நோட்டு வைத்தேன். மூன்று வாரத்தில் 38 பீஸ் சேர்ந்தது. அவற்றில் 14 பீஸ் இன்செர்ட் மாற்றிய உடனே வரும் முதல் சில பீஸ்கள். இதற்கு ஐயா சொன்னபடியே கேஜை மெஷின் பக்கத்தில் வைத்தோம், கடைசி வாரத்தில் அப்படி ஒதுக்கப்பட்டது ஒன்றுதான். தர அறையில் இருப்பவர்களுக்குத்தான் அதிகாரம் போன வருத்தம் இருக்கிறது.

மீதியில் 17 பீஸ் யாராலும் விளக்க முடியாததாக இருந்தது. ஆப்பரேட்டர் மெஷினில் அளந்தால் சரியாக இருக்கும். அசெம்பிளியில் பேரிங் உட்காராது. இரண்டாம் ஷிப்ட்டில் ஒருவரிடம் பெயர் எழுதமாட்டேன் என்று மூன்று முறை உறுதி சொன்ன பிறகு, “மேடம், சக் பிரஷர் கேஜைப் பாருங்கள்” என்றார். பீஸைப் பிடிக்கும் சக்கின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் அது. அதன் முள் எப்போதோ செத்து 15-இல் நின்றுகொண்டிருக்கிறது. அழுத்தத்தைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மெல்லிய சுவர் கொண்ட ஹவுசிங்கை சக்கின் மூன்று பிடிகளும் (ஜா) அளவுக்கு மீறி நெரித்துப் பிடித்தால், கடையும்போது வட்டமாக இருக்கும் துளை, பீஸைக் கழற்றியதும் மும்முனையாகக் கோணிக்கொள்ளுமாம். இரண்டு முனையில் தொட்டு அளக்கும் போர் கேஜ் அந்தக் கோணலைக் காட்டாதாம். ஆறு ஆண்டுகளாக அந்த மெஷினைத் தாண்டித்தான் வகுப்பறைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பிரஷர் கேஜ் மாற்றி ஆறு நாள் ஆகிறது, அந்த வகைப் பீஸ் இதுவரை வரவில்லை. ஆறு நாளை வைத்து எதுவும் சொல்லமாட்டேன். மீதி ஏழில் மூன்று வார்ப்புக் குறை, நாலுக்குக் காரணம் தெரியவில்லை. ஊசிமுனை அம்மா சொன்ன முறையில் இரண்டு சூப்பர்வைசர்களைப் பழக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒருவருக்கு விருப்பம், இன்னொருவர் சிரிக்கிறார்.

62 வகுப்புகளைக் குறைத்துக்கொள்ள ஆலைத் தலைவர் சம்மதித்துவிட்டார், மனிதவளத் துறை இன்னும் சம்மதிக்கவில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு இத்தனை பயிற்சி நாள் என்பது அவர்களுடைய இலக்கு. இந்த மாத அறிக்கையில் “சக் பிரஷர் கேஜ் மாற்றப்பட்டது” என்று எழுதி அனுப்பினேன். பங்கேற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு அது திரும்பி வந்திருக்கிறது.